வெள்ளவத்தை செட்டில் பேசினால் தெஹிவளைக்குக் கேட்குமா?

காலி வீதியில் வெள்ளவத்தையைத் தாண்டினால் கொழும்பு மாநகர சபையின் எல்லை முடிந்து, தெஹிவளை–கல்கிசை மாநகர சபையின் எல்லை தொடங்கிவிடும். இரண்டுக்கும் தனித்தனித் தீயணைப்புப் பிரிவு. அந்த எல்லையில் ஒரு மாடிக்கட்டடம் பற்றிக்கொண்டால் இரு பக்கமிருந்தும் வண்டி வரலாம். பொலிஸ் வரும், 1990 அம்புலன்ஸும் வரும். எல்லார் கையிலும் வோக்கிடோக்கி செட். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டுமென்ற கட்டாயமில்லை.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அலைவரிசைகளை நிர்வகிப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. அடுக்குமாடிக் காவலாளிகள் வைத்திருக்கும் செட்டுக்குக்கூட அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சைக் குழப்பாமல் பிரித்து வைப்பதுதான் இந்த ஒதுக்கீட்டின் வேலை. பிரித்து வைத்தவர்களை ஆபத்து நேரத்தில் சேர்த்துவிட வேறு ஏற்பாடு வேண்டும். பலரும் கவனிக்காத இடம் இதுதான்.

சேர்வதற்கு என்ன தடை? முதலாவது, அலைவரிசை. விஎச்எஃப், யூஎச்எஃப் என்பவை இரு வேறு அலைவரிசைப் பட்டைகள்; விஎச்எஃப் செட்டுக்கு யூஎச்எஃப் கேட்காது. சரி, அலைவரிசை ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும், பழைய அனலொக் செட்டுகளில் பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலியான டோன் பொருந்தாவிட்டால் ஸ்பீக்கர் திறக்காது. டிஜிட்டலில் இன்னும் மோசம்: டெட்ரா, டிஎம்ஆர், அமெரிக்காவின் பி25 என்று பல டிஜிட்டல் முறைகள், ஒவ்வொன்றும் தனி மொழி. மொழி ஒன்றானாலும், பிறர் கேட்காதபடி பேச்சைப் பூட்டும் மறையாக்கச் சாவி வேறென்றால் கதை அங்கேயே முடிந்தது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003இல் 646ஆம் தீர்மானத்தில், இலங்கை அடங்கும் மூன்றாம் பிராந்தியத்துக்கு 406.1–430, 440–470 மெகாஹேர்ட்ஸ் போன்றவற்றை இத்தகைய ஆபத்துதவிச் சேவைகளுக்கான பொது அலைவரிசைப் பட்டைகளாகக் காட்டியது. அது ஊக்குவிப்பு மட்டுமே, கட்டளை அல்ல.

புதிய செட் வாங்காமலே செய்யக்கூடியவையும் உண்டு. ஒரே வகைச் செட்டுகள் என்றால் எல்லாவற்றிலும் ஒரு பொது சேனலை ஏற்றிவைக்கலாம். வேறு வகைகள் என்றால் இரண்டையும் இணைக்கும் கேட்வே போடலாம். ஒன்றுமில்லையா, ஒரு செட்டைப் பக்கத்துத் தீயணைப்புப் பிரிவு அதிகாரியிடம் கொடுத்துவிடலாம். அப்புறம், இரகசியக் குறியீடுகளை விட்டுச் சாதாரணமாகப் பேச வேண்டும்.

நீங்கள் அழைக்கும்போது: தீக்கு 110, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. ஒரு இடத்தில் சொன்னால் மற்ற இடங்களுக்கும் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். வீதிப் பெயரோடு, எந்த மாநகர சபைப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்.