அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு மென்பொருள் பொறியாளர் வந்தார், கையில் ராஜினாமா கடிதத்தின் நகலோடு. "கம்பெனி எச்.ஆர். அறைக்குள்ள கூப்பிட்டு அரை மணி நேரம்தான் கொடுத்தாங்க சார், கையெழுத்துப் போட்டுட்டேன்." எல்லாம் முடிந்த பிறகு வக்கீலைத் தேடுவதே ஐ.டி. துறையில் வழக்கமாகிவிட்டது.

ஏன் போட்டீர்கள் என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்: "நாங்க தொழிலாளி இல்லையே, லேபர் சட்டம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" இதை யார் கிளப்பிவிட்டார்களோ! நல்ல சம்பளமும் ஏ.சி. அறையும் இருந்தால் சட்டம் விலகிப் போய்விடாது. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டமும் சரி, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் சரி, தொழில்நுட்ப வேலை செய்பவரைத் தொழிலாளி என்றே சொல்கின்றன. மாதம் 18,000 ரூபாய் என்ற சம்பள வரம்பு மேற்பார்வை வேலை பார்ப்பவர்களுக்குத்தான். புரோகிராம் எழுதுகிறவருக்கு அது கிடையாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, உண்மை. ஆனால் பதவியின் பெயரில் 'மேனேஜர்' என்று ஒட்டியிருந்தால் போதாது. லீவு கொடுக்க, ஆளை நீக்க உங்களுக்கு நிஜமாகவே அதிகாரம் உண்டா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அது ஆட்குறைப்பே இல்லை, இந்தப் பணமும் கிடையாது. அந்த அரை மணி நேர அவசரம் எதற்கென்று இப்போது புரிகிறதா? கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை வேறு கணக்கு. ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு. சலுகை போலக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

'மேனேஜர் நமக்கு வேண்டியவர், பார்த்துக்கொள்வார்' என்ற நினைப்பும் வேண்டாம். பல இடங்களில் ஆட்குறைப்புப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம் மூன்றையும் லாகின் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். கிளையண்ட் ஃபைலையோ புரோகிராமையோ உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பித் தொலைக்காதீர்கள். அப்புறம் அதையே காரணமாக்கி ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள். உங்கள் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.

அறைக்குள் அழைத்தால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். ரிலீவிங் லெட்டர் (பணி விடுவிப்புக் கடிதம்) தர மாட்டோம் என்று மிரட்டினால், அதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டார்கள். பயத்தில் போட்டுவிட்டீர்களா? நிர்ப்பந்தித்து வாங்கினார்கள் என்று அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு வந்தால் நிரூபிப்பது பெரும்பாடு. தயவுசெய்து, பேனாவை எடுக்கும் முன் யாராவது ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலுக்கு ஃபோன் போடுங்கள்.