வருடம் பொறிக்காத துப்பாக்கிக்கு வயது சொல்வது எப்படி?

மேசையில் விரித்த துணியின் மேல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய ஒரு வால்தர் பி.38 கைத்துப்பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலுக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தாகிவிட்டது. எண்பது வருடப் பழைய துப்பாக்கி என்றாலும் முதல் வேலை இதுதான். இப்போது அதன் இடப்பக்கத்தை விளக்கடியில் பிடிக்கிறோம். ஸ்லைடின் மேல் பி.38 என்ற பெயர், எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு நாலிலக்க எண், சின்ன ரோமன் எழுத்தில் ‘ஏசி’. அவ்வளவுதான். வழக்கமான பி.38-இல் இந்த ‘ஏசி’யோடு 41, 42, 43 என்று ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். இதில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

ஆண்டு இல்லையென்றால் வயது தெரியாது என்று நினைப்போம். இங்கே நடப்பது நேர்மாறானது. ‘43’ என்று பொறித்த துப்பாக்கி பன்னிரண்டு மாதங்களில் எந்த மாதத்திலும் பிறந்திருக்கலாம். இந்த வெற்றிடமோ 1940-இல் சில வாரங்களை மட்டும் சுட்டுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்த வெற்றிடம் தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். பின்னாளில் யாரோ அரம் போட்டு உண்டாக்கியதாக இருக்கக் கூடாது. வேலை முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள செல்லா-மேலிஸ் ஊரில் வால்தர் தொழிற்சாலை இருந்தது. பழைய லூகர் பி.08-ஐச் செய்ய நிறைய நேரமும் கடைசலும் தேவைப்பட்டன. ராணுவத்துக்கு அதைவிட எளிதாகச் செய்யக்கூடிய 9 மி.மீ. கைத்துப்பாக்கி வேண்டியிருந்தது. வால்தர் முதலில் சுத்தியல் வெளியே தெரியாத ஒரு வடிவத்தைச் செய்து பார்த்தது. பிறகு சுத்தியலை வெளியே வைத்து ஹெச்பி என்ற பெயரில் விற்றது. அதிலிருந்து வளர்ந்ததுதான் பி.38.

ராணுவத்துக்கான முதல் தொகுதியில் வால்தரின் பதாகைச் சின்னமே இருந்தது. வரிசை எண்கள் பூஜ்யத்தில் தொடங்கியதால் அவற்றை ‘ஜீரோ சீரீஸ்’ என்கிறார்கள். ஏறத்தாழ 13,000 துப்பாக்கிகள். 1940-இன் நடுவில் பதாகை மறைந்து 480 என்ற எண் வந்தது. எந்தத் தொழிற்சாலை எவ்வளவு செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயருக்குப் பதில் ரகசியக் குறி. 480 குறியோடு ஏழாயிரம் துப்பாக்கிகள் போல வந்ததும் குறிமுறையே மாறியது: எண்ணுக்குப் பதில் எழுத்து. வால்தருக்குக் கிடைத்தது ‘ஏசி’. முதலில் எழுத்தை மட்டும் அடித்தார்கள். அப்படி வந்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அதன் பிறகுதான் ஆண்டும் வேண்டும் என்று ஆகி, ‘40’ தனியாக ஒரு அச்சால் சேர்க்கப்பட்டது. சில ஆயிரங்கள் கழித்து எழுத்தும் ஆண்டும் சீரான ஒரே குறியாக அமைந்தன.

ஆக, ஒரே தொழிற்சாலையில், ஒரே மாதிரியில், ஏறக்குறைய ஒரே வருடத்துக்குள் ஐந்து விதமான குறிகள். மரத்தின் குறுக்குவெட்டில் நெருக்கமாக ஓடும் வளையங்களைப் போல, மாற்றம் வேகமாக நடந்த இடத்தில்தான் காலத்தை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. சேகரிப்பாளர்கள் டிரான்சிஷனல் மாடல் என்று சொல்லும் இடைமாதிரிகளின் அருமை இதுதான். அரிதாக இருப்பது ஒரு காரணம். தொழிற்சாலைக்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்ட தருணத்தை அவை பிடித்து வைத்திருப்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுகிறது.

குறி மட்டும் மாறவில்லை, உறுப்புகளும் மாறின. சுட்டு முடிந்த தோட்டா உறையைக் கவ்வி இழுக்கும் கொக்கிக்கு எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். ஜீரோ சீரீஸின் முதல் ஆயிரத்து ஐந்நூறு போன்றவற்றில் அது ஸ்லைடுக்குள் மறைந்திருந்தது. அடுத்து வந்தவற்றில் வெளியே தெரியும்படி அமைந்தது. ஆனால் தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் அப்போதும் பழையபடி சதுர வெட்டிலேயே இருந்தது. மூன்றாம் கட்டத்தில்தான் ஊசியும் உருண்டையாயிற்று. புதிய கொக்கியும் பழைய ஊசியும் ஒரே துப்பாக்கியில் இருந்தால் யாரோ உறுப்புகளைக் கலந்துவிட்டார்கள் என்று அவசரப்படக் கூடாது. நடுவில் வந்த அந்தச் சிறு தொகுதிக்கு அதுதான் சரியான சேர்க்கை.

இப்படிக் கலந்து வருவது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, தொழிற்சாலையின் தளத்தைக் கற்பனை செய்ய வேண்டும். ஸ்லைடுகள் ஒரு தொட்டியில், கைப்பிடியோடு சேர்ந்த உடற்பகுதியான ஃபிரேம்கள் இன்னொன்றில், குழல்கள் வேறொன்றில். ‘இன்று முதல் புதிய வடிவம்’ என்று வரைபடம் மாறினாலும், செய்து வைத்த பழைய உறுப்புகளை யாரும் தூக்கி எறிவதில்லை. போர்க்காலத்தில் கேட்கவே வேண்டாம். அதோடு, தொட்டியில் கடைசியாகப் போட்டது மேலே கிடக்கும், முதலில் போட்டது அடியில் தங்கும். அடியில் தங்கிய பழைய உறுப்பு பல நாள் கழித்துக் கைக்கு வரும். அதனால் எல்லைக்கோடு ஒருபோதும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. பழையதும் புதியதும் சில நூறு எண்கள் வரை மாறி மாறி வருவது இயல்பு.

இனி எண்ணுக்கு வருவோம். பி.38-இன் எண்கள் 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் வரை போகும். பிறகு மறுபடி 1, ஆனால் பின்னால் ரோமன் நெடுங்கணக்கின் முதல் எழுத்து. அடுத்த பத்தாயிரத்துக்கு இரண்டாம் எழுத்து. புது வருடம் பிறந்தால் மீண்டும் எழுத்தில்லாத 1. எனவே நம் மேசையில் உள்ள அதே எட்டாயிரத்துச் சொச்ச எண் 1941-இலும் ஒரு துப்பாக்கிக்கு இருக்கும், 1942-இலும் இருக்கும். எண்ணை மட்டும் வைத்து வயது சொல்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. எண், அதன் பின்னெழுத்து, தொழிற்சாலைக் குறி மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எழுத்தில்லாத எண்ணும் ஆண்டில்லாத ‘ஏசி’யும் சேரும்போது, 480 குறி ஓய்ந்த பிறகு, ‘40’ வருவதற்கு முன் என்று இரண்டு பக்கமும் எல்லை கட்டிவிடலாம்.

எண்ணைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பின்னெழுத்து சேர்ப்பதில் ஒரு தற்காப்பு இருக்கிறது. தொடர்ச்சியான எண் எவ்வளவு உளறிவிடும் என்பதற்கு அதே போரிலிருந்தே சான்று உண்டு. பிடிபட்ட ஜெர்மன் டாங்கிகளின் வரிசை எண்களை வைத்து மாத உற்பத்தியை நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் கணக்கிட்டார்கள். 1941 ஜூனில் மாதத்துக்கு 1,550 என்றது உளவுத் தகவல். எண்களை வைத்துப் போட்ட கணக்கு 244 என்றது. போருக்குப் பிறகு ஜெர்மன் பதிவேட்டைப் பார்த்தபோது உண்மை எண்ணிக்கை 271. சூத்திரம் மிக எளிது. கண்ணில் பட்ட பெரிய எண்ணை, பார்த்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்து, அதை அந்தப் பெரிய எண்ணோடு கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். நான்கு பொருள்களைப் பார்த்து, அவற்றில் பெரிய எண் 60 என்றால், 60-உம் 15-உம் கூட்டி ஒன்று போக, 74. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தாம் பார்த்த எண்களைக் குறித்து வைத்து, ஒவ்வொரு வகையும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கணிப்பதும் இதே தருக்கம்தான். பட்டியலில் ஒரு எண் கூடினாலும் கணிப்பு ஒரு படி இறுகும்.

இவ்வளவும் நம் துப்பாக்கி ‘ஆண்டில்லாத ஏசி’யாக இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. அப்படியேதான் பிறந்ததா என்பதை இரும்பிடம் கேட்க வேண்டும்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்து, வரிசை எண்ணில் உள்ள 8-ஐப் பாருங்கள். விளக்கை நேராகக் காட்டாமல், மேற்பரப்பை உரசிச் செல்கிற மாதிரி பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். எஃகு அச்சைச் சுத்தியலால் அடிக்கும்போது உலோகம் காணாமல் போவதில்லை. பள்ளத்திலிருந்து பிதுங்கி ஓரத்தில் மேடாக எழுகிறது. ஈர மண்ணில் கால் பதித்தால் விளிம்பு எழும்புவதுபோல. அடித்த பிறகு யாரும் மெருகேற்றாத எண்ணில் அந்த மெல்லிய வரப்பு கூர்மையாக நிழல் விழுத்தும். பின்னாளில் யாராவது துப்பாக்கியைப் ‘புதுசாக்க’ப் பஃபிங் சக்கரத்தில் பிடித்திருந்தால் முதலில் போவது அந்த வரப்புதான். அப்போது 8-இன் வளைவு ஓரத்தில் வழிந்தாற்போல் தெரியும். திருகு ஓட்டைகளின் வாய் கிண்ணம்போல் குழிந்திருக்கும். ஸ்லைடின் நேர் விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும்.

அடுத்தது நிறம். துப்பாக்கியின் கருநீலம் பூசிய சாயமல்ல. இரும்பின் மேற்பரப்பையே வேதிவினையால் மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாற்றுவதுதான் ப்ளூயிங். அந்தப் படலத்தின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான், தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு கூட வராது. இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் அது ஒரு காலக் குறிப்பாகிறது. ப்ளூயிங்குக்கு முன் அடித்த முத்திரையின் பள்ளத்திலும் அதே நீலம் இறங்கியிருக்கும். பின்னால் அடித்ததென்றால் நீலம் கிழிந்து, பள்ளத்திலும் ஓரத்திலும் வெள்ளி மினுக்கம் தெரியும், அல்லது அந்த மினுக்கம் வயதாகிப் பழுப்பேறியிருக்கும். எந்த முத்திரை முதலில், எது பிறகு என்ற வரிசை இப்படிக் கிடைக்கிறது. துப்பாக்கியின் வலப்பக்கத்தில் 359 என்ற எண்ணோடு கழுகு முத்திரைகள் இருக்கும். வால்தர் ஆலையில் ராணுவம் ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம் அது. அதையும் இதே முறையில் படிக்கலாம்.

முக்கியமான இடம், ‘ஏசி’க்குக் கீழுள்ள வெற்றிடம். ‘40’ இருந்து, அதை யாரோ ராவி எடுத்திருந்தால்? அரியதாக்கினால் விலை கூடும் என்ற ஆசையில் இது நடக்கக்கூடியதுதான். குழல்விளக்கின் நேரான பிம்பம் ஸ்லைடின் பக்கத்தில் விழுகிற மாதிரி பிடித்து, துப்பாக்கியை மெல்ல அசையுங்கள். தட்டையான எஃகில் அந்த ஒளிக்கோடு நேராக ஓடும். ஒரு மயிரிழை குழிந்திருந்தாலும் அந்த இடத்தில் கோடு நெளியும். விரலுக்குத் தட்டுப்படாத பள்ளம் கண்ணுக்குத் தட்டுப்படும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன்.

ராவினாலும் இலக்கம் முழுமையாக அழிவதில்லை. எஃகு என்பது கோடிக்கணக்கான நுண்படிகங்களின் அடுக்கு. அச்சு விழுந்த வேகத்தில் பள்ளத்துக்குக் கீழேயும் படிகங்கள் நசுங்கித் திரிந்துவிடுகின்றன. மேலே தெரிந்த இலக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கினாலும், அடியில் திரிந்த பகுதி அதே வடிவத்தில் மிஞ்சும். திரிந்த உலோகம் அமிலத்தில் கரையும் வேகம் வேறு, திரியாததன் வேகம் வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காப்பர் குளோரைடு கலந்த கரைசலைத் தடவினால் இலக்கம் நிழல்போல் எழுந்து வருவது இதனால்தான். தடயவியல் ஆய்வகங்கள் நெடுங்காலமாகச் செய்வது. அமெரிக்க அரசின் அளவீட்டு ஆய்வு நிறுவனமான நிஸ்டின் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படிகத் திரிபையே வரைபடமாக்கி, தேய்த்த எண்ணை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். சேகரிப்பாளர் அமிலத்தின் பக்கம் போகவே வேண்டாம். அது ப்ளூயிங்கைத் தின்றுவிடும், போனது திரும்பாது. ஒளிக்கோடு நெளிந்தால் அதுவே போதிய எச்சரிக்கை.

மீதி இருப்பது உறுப்புகள் ஒன்றுக்கொன்று சொந்தமா என்ற கேள்வி. ஸ்லைடு, ஃபிரேம், குழல் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இருந்தால் நல்லது, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. போரில் பிடித்த பி.38-களைச் சோவியத் பட்டறைகள் மொத்தமாகக் கழற்றிச் சீராக்கியபோது, உறுப்புகள் இடம் மாறின. பிறகு பழைய எண்ணைக் கோடு போட்டு நீக்கிவிட்டுப் புது எண் போட்டுப் பொருத்தினார்கள். இலக்கங்களின் அச்சு வடிவம் வேறாக இருக்கும், எல்லா உறுப்பிலும் ஒரே அடர் கறுப்புப் பளபளக்கும். எண் பொருந்தும், பிறப்பு பொருந்தாது.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். 1945 ஏப்ரலில், ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் பி.38 செய்துவந்த மௌசர் ஆலை பிரெஞ்சுப் படையின் கைக்கு வந்தது. அங்கே மீதமிருந்த உறுப்புகளைக் கொண்டு பி.38-களைத் தொடர்ந்து செய்தார்கள். ஜெர்மன் ரகசியக் குறியும் பிரெஞ்சு ஐந்துமுனை நட்சத்திரமும் ஒரே ஸ்லைடில், சிலவற்றில் 46 என்று போர் முடிந்த பிறகான ஆண்டு. பார்த்த மாத்திரத்தில் போலி என்று ஒதுக்கத் தோன்றும். அத்தனையும் ஆலையிலேயே நடந்தது. கலவை என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. அந்தக் கலவை ஒரு தொழிற்சாலைத் தளத்தில் நடந்திருக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

எண்ணை மாற்றி அடிக்கலாம், தேய்மானத்தைப் பொய்யாக்குவது கடினம். பி.38-இன் குழலுக்கு அடியில் ஒரு சிறு பூட்டுக்கட்டை தொங்குகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது ஸ்லைடின் உள்ளே இருக்கும் பள்ளங்களில் ஏறி இறங்கும். ஒன்றாகவே வாழ்ந்த உறுப்புகளில், கட்டையின் காதில் தெரியும் பளபளப்பும் ஸ்லைடின் பள்ளத்தில் தெரியும் பளபளப்பும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் சந்திக்கும். கட்டை வழவழவென்று தேய்ந்து, அது உட்காரும் பள்ளம் புதிதாக இருந்தால் இரண்டும் பின்னால் சந்தித்தவை.

இனி நம் துப்பாக்கியைப் பழையபடி மாட்டிவிடலாம். எண்ணின் வரப்பு கூர்மையாக நின்று, வெற்றிடத்தில் ஒளிக்கோடு நெளியாமல் ஓடி, மூன்று எண்ணும் ஒரே அச்சில் பேசி, பூட்டுக்கட்டையின் தேய்மானமும் ஒத்துப்போனால், குறிப்பேட்டில் எழுதலாம்: வால்தர், செல்லா-மேலிஸ், 1940, 480-க்குப் பின், ‘40’-க்கு முன். கூடவே முழு எண், ஒவ்வொரு முத்திரையின் இடம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்கள். துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கைரேகையைத் துடைத்தால் போதும். மெருகு வேண்டாம்.