கணவன் மனைவிக்கு நடுவே ஸ்கிரீன்ஷாட் எதற்கு?

மும்பையில் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் என்னிடம் வரும் தமிழ்த் தம்பதிகளில் பலர் இப்போதெல்லாம் நடந்ததை வாயால் சொல்வதே இல்லை. "எல்லாம் இதுல இருக்கு மேடம், நீங்களே பாருங்க" என்று செல்பேசியை நீட்டுகிறார்கள். அண்மையில் வந்த இளைஞர் ஒருவர், மனைவியுடனான வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து, அந்தப் பெண் கோபமாக எழுதிய வரிகளுக்கு மட்டும் மஞ்சள் மை பூசிக் கொண்டுவந்திருந்தார். அப்படிப் பூசிய இரண்டு வரிகளுக்கு நடுவே, பூசாத வரி ஒன்று இருந்தது: "மதியம் மாத்திரை போட்டீங்களா?" அதற்குக் கீழே பதில் இல்லை.

ஸ்கிரீன்ஷாட் இருந்தால் வழக்கு ஜெயித்துவிடும் என்ற நம்பிக்கையை எத்தனை பேரிடம் மறுத்தாலும் போதவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது; அதில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இவ்விஷயத்தில் நீதிபதிக்குத் தாராளமான அதிகாரம் தருகிறது என்பதும், துணைவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சையும் மணவழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது என்பதும் உண்மைதான். ஆனால் ஏற்பது வேறு, நம்புவது வேறு. நீங்கள் வெட்டியெடுத்த நான்கு வரிகளுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். முழு உரையாடலும் வெளியே வரும்; அதில் நீங்கள் எழுதியதும் இருக்கும். தாம் நள்ளிரவில் எழுதியதைக் குறுக்கு விசாரணையில் தாமே உரக்கப் படிக்க நேர்ந்து, தலை நிமிர முடியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுமை நடந்ததா என்பதை ஒரு கோப வரியைக் கொண்டு நீதிமன்றம் முடிவு செய்வதில்லை, மொத்த நடத்தையையும் வைத்தே எடைபோடும்.

வழக்கு தோற்பதைக் காட்டிலும் எனக்கு வேதனை தருவது வேறொன்று. சேர்ந்து வாழத்தான் போகிறோம் என்ற எண்ணம் இருக்கும்போதே பலர் ஆதாரம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அன்றிலிருந்து அவர்கள் எழுதும் ஒவ்வொரு செய்தியும் பிற்பாடு படிக்கப்போகும் மூன்றாம் மனிதருக்காக எழுதப்படுகிறது; மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று அதையும் கேட்பதில்லை.

இந்த ஊரின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஒரே அறையில் மாமனார், மாமியார், குழந்தைகள் எல்லோரும் இருக்கும் வீட்டில், சண்டை போடக்கூட இடமில்லாமல் ஒரே அறையின் இரு மூலைகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார்கள். குரலில் இருக்கும் தழுதழுப்பு எழுத்தில் வருவதில்லை. நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் அலட்சியம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கூட்டம் நெரியும் லோக்கல் ரயிலில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருப்பவர் எப்படிப் பதில் எழுதுவார்? பிறகு அந்த ஸ்கிரீன்ஷாட் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கும் குடும்ப குரூப்புக்கும் போகிறது. காலையில் இவர்கள் சமாதானமாகிவிடுவார்கள், அம்மா ஆகமாட்டார். அனுப்பிய செய்தியை எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி, அவர்கள் எடுத்துவைத்த படத்தை அழிக்காது.

ஆகவே கோபத்தில் எழுதாதீர்கள். துணைவரைக் குத்திக்காட்டி ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். அதை அவருக்கு முன்பே அவர் அலுவலகம் படித்துவிடும். வீட்டில் பேச இடமில்லை என்றால் இருவரும் தாதர் கடற்கரை வரை நடந்துபோய்ப் பேசுங்கள். அதற்கும் முடியவில்லையென்றால், பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கும் குடும்ப நீதிமன்றத்திலேயே திருமண ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சமரசத்துக்கு முயல்வது அந்த நீதிமன்றத்தின் சட்டபூர்வமான கடமை. தயவுசெய்து அவர்களிடம் மனம் திறந்து பேசுங்கள்.

அடி, மிரட்டல், பணப் பறிப்பு இருக்கும் வீடுகளுக்கு இந்த அறிவுரை எதுவும் பொருந்தாது. அங்கே எதையும் அழிக்காதீர்கள். மிரட்டல் செய்திகளைத் தேதியோடு, முழு உரையாடலாக, அந்தச் செல்பேசியிலேயே வைத்திருங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் நகல் கொடுத்துவையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லால் செய்யும் கொடுமையையும் வன்முறையாகவே கருதுகிறது. உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112.