சீட்டேன் எண்: பொருளும் பிறப்பும் தமிழ்ச் சொல்லும்

டீசல் எந்திரங்களில் எரிபொருள் எரியும் முறையை ஆராயும் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் அளவு சீட்டேன் எண். ஓர் எரிபொருள் எவ்வளவு எளிதில் தானே தீப்பற்றும் என்பதை அது குறிக்கிறது. டீசல் எந்திரத்தில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றே தெளிக்கப்படும் எரிபொருளைப் பற்றவைக்கிறது. தெளிப்புத் தொடங்கிய நொடிக்கும் தீப்பற்றும் நொடிக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தீப்பற்றல் தாமதம் என்பர். இது நீண்டால், அதற்குள் காற்றோடு கலந்து சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரே வீச்சில் எரிந்து, அழுத்தம் சட்டென உயர்ந்து, எந்திரம் தட்டும் ஓசை எழும். சீட்டேன் எண் கூடக்கூடத் தாமதம் குறையும்.

சொல்லின் வேர் கடலில் இருக்கிறது. திமிங்கிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கீட்டோஸ்'. அது லத்தீனில் 'சீட்டஸ்' ஆயிற்று. ஒருவகைத் திமிங்கிலத்தின் தலையில் கிடைத்த மெழுகிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் பிரித்தெடுத்த ஆல்கஹால் பின்னர் இப்பெயரைப் பெற்றது. அதே 16 கரிமத் தொடரைக் கொண்ட ஹைட்ரோகார்பன் சீட்டேன் எனப்பட்டது. இன்றைய வேதியியல் பெயர் ஹெக்சாடெக்கேன். கிளைகளற்ற இந்த நீள் தொடர் வெப்பத்தில் எளிதில் சிதைந்து தீப்பற்றுவதால் அதற்கு 100 என்ற மதிப்பு தரப்பட்டது. எளிதில் பற்றாத, வளைய அமைப்புடைய ஆல்ஃபா மீத்தைல்நாப்தலீனுக்கு 0 தரப்பட்டது. பிற்காலத்தில் அதனிடத்தை 15 மதிப்புடைய ஹெப்டாமீத்தைல்நோனேன் பிடித்தது.

அளக்கும் முறை சொல்லின் பொருளை இன்னும் தெளிவாக்குகிறது. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் சோதனை எந்திரத்தில், தாமதம் சரியாக வணரி (எந்திரத்தின் சுழல்தண்டு) 13 பாகை சுழலும் நேரமாக, அதாவது ஏறத்தாழ 2.4 மில்லி நொடியாக, அமையும்வரை அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு, மாற்றப்படுகிறது. பின்பு சீட்டேனையும் ஹெப்டாமீத்தைல்நோனேனையும் வெவ்வேறு அளவில் கலந்த ஒப்பீட்டுக் கலவைகளில் எது அதே நிலையில் ஒத்து நடக்கிறது என்று பார்க்கப்படுகிறது; அந்தக் கலவையின் மதிப்பே எரிபொருளின் சீட்டேன் எண். ஐரோப்பிய டீசல் தரம் கோரும் குறைந்த அளவு 51.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? ஒரு சேர்மத்தின் பெயர் என்பதால் 'சீட்டேன்' என்ற ஒலிபெயர்ப்பு ஆய்வேடுகளில் நிலைப்பதே முறை. ஆனால் அந்தப் பெயர் பண்பைச் சொல்வதில்லை. ஆகவே விளக்க எழுத்தில் 'தன்தீப்பற்று எண்' என்று ஒருமுறை சேர்த்துச் சொல்வது மாணவருக்குப் பெரிதும் உதவும் என்பது என் கருத்து. 'எரிதிறன் எண்' என்பது கூடாது. அது எரிபொருள் தரும் ஆற்றலை நினைவூட்டி, தீப்பற்றும் விரைவை மறைத்துவிடும். சீட்டேன் சுட்டெண் என்பது வேறு: எந்திரத்தில் சோதிக்காமல், அடர்த்தியையும் வடித்தல் வெப்பநிலைகளையும் கொண்டு கணக்கிடப்படும் மதிப்பீடு அது. தீப்பற்றலை விரைவுபடுத்தும் சேர்ப்புப் பொருள் கலந்த டீசலில் சுட்டெண் அந்த மாற்றத்தைக் காட்டாது என்பதால், இரண்டு சொற்களையும் ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதக் கூடாது.