சுகர் நோயில் கிட்னி ஏன் முதலில் கூடுதலாக வடிகட்டுகிறது?

சுகர் இருந்தால் கிட்னி கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கெடுவதற்கு முன்னால், பலருக்கு அது வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டுகிறது. கிரியேட்டினின் என்பது கிட்னி ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவு; வடிகட்டுதல் குறைந்தால் ரத்தத்தில் அது ஏறும். அந்தக் கட்டத்தில் கிரியேட்டினின் பரிசோதனை அருமையான எண்ணைக் காட்டும். நிம்மதியாக வீடு திரும்பிவிடுவோம். சேதம் தொடங்குவதோ அங்கேதான். அதில் சர்க்கரைக்குப் பங்கு இருப்பது போலவே சோடியத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

ஒவ்வொரு கிட்னியிலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டும் அமைப்புகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. நெஃப்ரானின் தலைப்பகுதியில் குளோமெருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு. இரண்டு கிட்னிகளிலும் சேர்த்து அங்கே வடிகட்டப்படும் நீர் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சோடியம் ஏறத்தாழ ஒன்றரை கிலோ சாப்பாட்டு உப்புக்குச் சமம். அவ்வளவும் வெளியேறினால் உயிர் தங்காது. அதனால் நெஃப்ரானின் நீண்ட குழாய் அதில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.

குளுக்கோஸும் அப்படித்தான் மீட்கப்படுகிறது. குழாயின் தொடக்கப் பகுதியில் இருக்கும் எஸ்ஜிஎல்டி-2 என்ற புரதம், வடிகட்டப்பட்ட குளுக்கோஸில் சுமார் 90 சதவீதத்தை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் குளுக்கோஸை அது தனியாகத் தூக்குவதில்லை. ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு சோடியத்தையும் சேர்த்தே இழுக்கிறது. ரத்தத்தில் சுகர் ஏறினால் குழாய்க்குள் வரும் குளுக்கோஸும் ஏறும். அதைச் சமாளிக்க இந்தப் புரதத்தின் அளவு கூடுகிறது, குழாயே பருக்கிறது. கூடவே சோடியமும் தேவைக்கு மேல் உறிஞ்சப்பட்டு உடலில் தங்குகிறது. சுகரும் ரத்தக்கொதிப்பும் ஜோடியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வடிகட்டுதல் ஏன் கூடுகிறது? நெஃப்ரானின் குழாய் வளைந்து வந்து தன் சொந்தக் குளோமெருலஸை ஓரிடத்தில் தொடுகிறது. அங்கே மாக்குலா டென்சா என்ற செல்கள், வந்து சேரும் உப்பை அளக்கின்றன. உப்பு அதிகமாக வந்தால், உள்ளே வரும் ரத்தக்குழாயைச் சுருக்கும்படி சமிக்ஞை தருகின்றன. சுகர் நோயில் சோடியம் முன்னாலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் இங்கே வருவது குறைவு. வடிகட்டுதலே குறைந்துவிட்டது என்று அந்தச் செல்கள் தவறாகக் கணிக்க, உள்வரும் குழாய் விரிகிறது. போதாக்குறைக்கு ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் வெளியேறும் குழாயைக் குறுக்குகிறது. வரத்து மதகைத் திறந்து, போக்கு மதகைப் பாதி இறக்கிய ஏரிபோல குளோமெருலஸுக்குள் அழுத்தம் ஏறுகிறது.

இது ஆண்டுக்கணக்கில் நீடித்தால், வடிகட்டியைத் தாங்கும் போடோசைட் செல்கள் இற்றுக் கழன்றுவிடுகின்றன. அவை எளிதில் புதிதாக முளைப்பதில்லை. சிறுநீரில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் கசியத் தொடங்குகிறது. இது ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை. அதனால்தான் கிரியேட்டினினோடு நிறுத்தாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீர் அல்புமினையும் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருந்தால் நிறைய நெஃப்ரான்கள் போயிருக்கும்.

ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை எஸ்ஜிஎல்டி-2-வையே தடுக்கின்றன. இவற்றின் மூதாதை 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃப்ளோரிசின். இந்த மருந்துகளால் குளுக்கோஸ் சிறுநீரில் போவது வெளியே தெரியும் பலன். கிட்னிக்குப் பெரிய பலன், மாக்குலா டென்சாவுக்கு மறுபடி உப்பு போய்ச் சேர்வதுதான். உள்வரும் குழாய் சுருங்கி, அழுத்தம் இறங்குகிறது.

அதனால் மருந்து தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் லேசாக ஏறலாம். அதைக் கண்டு பயந்து தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது அதீத வடிகட்டுதல் அடங்கியதன் அடையாளம். தொடர்வதா நிறுத்துவதா என்பதை டாக்டர் முடிவுசெய்யட்டும். இதே வகை மருந்தான கானாகிளிஃப்ளோசின் பற்றி, சுமார் 4,400 நோயாளிகளோடு நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்தவர்களின் வடிகட்டும் திறனில் இதே ஆரம்பச் சரிவு தெரிந்தது. அப்புறம், மருந்து எடுக்காதவர்களின் வடிகட்டும் திறன் ஆண்டுக்குச் சுமார் 4.6 அலகு (நிமிடத்துக்கு வடிகட்டும் மில்லிலிட்டர் கணக்கில்) குறைந்தபோது, எடுத்தவர்களுக்கு 1.9 அலகுதான் குறைந்தது.