மயோசிஸ் – பாவைச் சுருக்கம்

சாரின் மாதிரியான நரம்பு நச்சுகளைப் பற்றிப் படித்தால் மயோசிஸ் என்ற சொல் கட்டாயம் வரும். கண்ணின் நடுவே ஒளி புகும் கரிய துளையான பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிவிடுவதுதான் அது. கண்ணை மூடுதல் என்ற பொருள் கொண்ட கிரேக்க வினையிலிருந்து வந்த சொல்.

இது ஏன் முக்கியம் என்றால், நச்சு ஆவி மிகக் குறைந்த அளவில் பட்டாலும் முதலில் தெரியும் அறிகுறி பெரும்பாலும் இதுதான். நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும், வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். சாரின் அந்த நொதியை முடக்குவதால் பாவையைச் சுருக்கும் தசை இறுகியபடியே நிற்கிறது. ஆவி கண்ணில் நேராகப் படுவதால், இரத்தத்தில் நொதி பெரிதாகக் குறையாதபோதும், ஆய்வில் ஆவிக்கு உட்படுத்திய விலங்கு துடிக்காமல் வலிப்பு வராமல் சாதாரணமாக நடமாடும்போதும், கண் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

1991-இல் ஈராக்கின் கமிசியாவில் சாரின் ஏவுகணைக் குண்டுகள் தகர்க்கப்பட்டபோது அருகிலிருந்த அமெரிக்கப் படையினர் சிறிதளவு சுவாசித்திருக்கலாம் என்ற கேள்வி எழுந்தது. அப்புறம் சிறிதளவு சாரின் என்ன செய்யும் என்ற ஆய்வுகள் பெருகின. எலி, கினிப்பன்றி, மார்மோசெட் குரங்கு ஆகியவற்றை ஆவிக்கு உட்படுத்திப் பாவையின் விட்டத்தை அளந்தார்கள். எலியின் இரத்தத்தில் சாரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கார்பாக்சிலெஸ்டெரேஸ் நொதி ஏராளம், மனிதருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் எலி தாங்கிய அளவை நாமும் தாங்குவோம் என்று கணக்குப் போடுவது தவறு, ஆபத்தும்கூட. மனிதரிடமும் பாவை சுருங்கினால் கண்ணுக்குள் ஒளி குறையும்; 1995 டோக்கியோ சுரங்க ரயில் சாரின் தாக்குதலில் பாதிக்கப்பட்ட பலர் சொன்னதும் எல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்பதைத்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மயோசிஸ் என்றே எழுதினால் பள்ளி உயிரியலில் குன்றல் பகுப்பு என்று படித்த மியாசிஸோடு குழம்பிவிடும், இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறவர்கள் நிறைய. கண்மணிச் சுருக்கம் என்கிறார்கள் சிலர், ஆனால் கண்மணி என்றால் கருவிழி முழுவதையும் நினைக்கிறவர்கள் உண்டு. என் தேர்வு பாவைச் சுருக்கம். "கருமணியிற் பாவாய்" என்று குறளே கருமணியையும் அதற்குள் இருக்கும் பாவையையும் பிரித்துச் சொல்கிறது. லத்தீனில் இதன் பெயரான புபில்லாவுக்கும் சின்னப் பொம்மை என்றுதான் பொருள், எதிரே நிற்பவரின் உருவம் குட்டியாக அதில் தெரிவதால். எதிர்ச்சொல்லும் எளிது: பாவை விரிவு.

நம் ஊர் மருத்துவமனைகளுக்கும் இது புதிதல்ல. பூச்சிமருந்து குடித்தவரைக் கொண்டுவந்தால் மருத்துவர் டார்ச் அடித்துப் பாவையைப் பார்ப்பார். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளும் சாரின் முடக்கும் அதே நொதியைத்தான் முடக்குகின்றன.