வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களே, கற்பூரம் இருக்கட்டும், மாத்திரை எங்கே?

போன வாரம் விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது, இரண்டு வருஷத்துக்கு முன் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். கோயம்புத்தூர் பக்கத்து வெள்ளியங்கிரியில், ஏழு மலையில் நாலாவது ஏறும்போது நெஞ்சை அடைத்திருக்கிறது. டோலி கட்டி அடிவாரத்துக்கு இறக்கவே மூன்று மணி நேரம். இ.சி.ஜி. எடுக்கச் சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து விழுந்தவை: ஒரு கற்பூர டப்பா, விபூதிப் பொட்டலம், சார்ஜ் தீர்ந்துபோன போன். உள்ளங்கை முழுக்கக் கற்பூர வாசனை. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எங்கே என்று கேட்டேன். "வேன்ல பேக்ல இருக்குங்க சார். மேல ஆக்சிஜன் இருக்காதுன்னாங்க, அதான் கற்பூரம் மட்டும் எடுத்துக்கிட்டோம்" என்றார் கூட வந்த மைத்துனர்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இந்த சீசனில் இதே பதிலை நான் கேட்பது மூன்றாவது தடவை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்த ஆக்சிஜன் கதையை முடித்துவிடலாம். வெள்ளியங்கிரி உச்சி சுமார் 6,000 அடி. ஊட்டி 7,300 அடிக்கு மேல், அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். தொட்டபெட்டா 8,600 அடிக்கும் மேல், அங்கே போய் நாம் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய் தின்றுவிட்டு செல்ஃபி எடுக்கிறோம், யாரும் கற்பூரம் முகர்வதில்லை. கீழே இருப்பதில் எண்பது சதவீதத்துக்குக் குறையாத ஆக்சிஜன் ஏழாவது மலையிலும் கிடைக்கும், சாதாரண நுரையீரலுக்கு அது தாராளம். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது? கிட்டத்தட்ட நானூறு மாடி ஏறுகிறீர்கள் ஐயா, அதுவும் ராத்தூக்கம் இல்லாமல், வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்போடு! கற்பூரம் மூக்குக்குள் குளிர்ச்சி தரும், அதனால் மூச்சு நன்றாகப் போகிற மாதிரி தோன்றும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜன் கூடாது. இதில் எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்துக்காக: நெஞ்சு அடைக்கிறவர் உட்கார்ந்து ஆள் கூப்பிட வேண்டிய அரை மணி நேரத்தை, கற்பூரத்தை முகர்ந்துகொண்டு இன்னும் ஒரு மலை ஏறிக் கழித்துவிடுகிறார். (சின்னப் பிள்ளைகள் கையில் அந்த டப்பாவைக் கொடுக்காதீர்கள், விழுங்கினால் வலிப்பு வரும்.)

சரி, பையில் என்ன இருக்க வேண்டும்? தினமும் சாப்பிடும் மாத்திரைகள், இன்ஹேலர், அவசர மாத்திரை எல்லாம் உங்கள் சட்டைப் பையில், உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில். வேனிலும் வேண்டாம், முன்னால் ஓடுகிற தம்பியின் பையிலும் வேண்டாம். எது எந்தப் பையில் என்று கூட வருகிற ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். சர்க்கரைக்காரர்கள் விரதம் என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு மாத்திரையை மட்டும் போட்டு ஏறாதீர்கள், கையில் கடலை மிட்டாயும் குளுக்கோஸும் கட்டாயம் வேண்டும்.

தண்ணீர் குறைந்தது இரண்டு லிட்டர். சுனை இருக்கிறதே என்று அரை லிட்டரோடு போகாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொடி இரண்டு பாக்கெட். ஒரு பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், அரை டம்ளரில் கலக்கி ஒரே மடக்காகக் குடிப்பதற்கு இல்லை. அட்டை டப்பாவில் வருகிற இனிப்புத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். ஆகாது, 2025 அக்டோபரில் அந்தப் பெயரையே போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்துவிட்டது.

கோயம்புத்தூர் வெயிலைப் பார்த்துவிட்டு ஒற்றை பனியனோடு ஏறுகிறவர்களை என்ன சொல்வது! மேலே ராத்திரிக் காற்று எலும்பைத் துளைக்கும், ஆண்டி சுனையில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு நின்றால் கேட்கவே வேண்டாம். ஒரு ஸ்வெட்டர், ஒரு மாற்று உடை, மழைக்கோட்டு. தலையில் மாட்டும் டார்ச் நல்லது, போன் வெளிச்சத்தை நம்பினால் நடுமலையில் போனும் போகும், பாதையும் போகும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியைக் கூச்சப்படாமல் வாங்குங்கள். இறங்கும்போதுதான் முட்டி கெஞ்சும். வெறுங்காலில் ஏறுவது உங்கள் வேண்டுதல், அதில் நான் தலையிடவில்லை, கட்டுத்துணியும் பிளாஸ்திரியும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிஷம் உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சு இறுக்குகிறது, தாடையோ இடது கையோ வலிக்கிறது, குளிரிலும் வியர்க்கிறது என்றால் அதற்கு மேல் ஒரு படிகூட வேண்டாம், நடந்து இறங்கவும் வேண்டாம். உட்கார்ந்து ஆள் அனுப்புங்கள். தயவுசெய்து. சிவன் அடுத்த வருஷமும் அங்கேதான் இருப்பார்.

நாற்பது தாண்டியவர்கள், ஸ்டென்ட், பி.பி., சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னாடியே உங்கள் டாக்டரைப் பாருங்கள். பூண்டி செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு "சார், ஏறலாமா?" என்று கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், நீங்களும் ஏறத்தான் போகிறீர்கள்.